கல்விக்கூடக் கணினிகளும் சுற்றாடலும்

ஏடும் எழுதுகோலும் போலக் கணினியும் இன்று கல்விக்கூடங்களுக்கு இன்றியமையாத கருவியாயிற்று. அதன் பயனை யாவரும் அறிவர். அதனால் நிலமும் நீரும் காற்றும் இழப்பது யாதென அறிந்தார் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கணினி புகை கக்குவதில்லை. ஆதலின் அது தீங்கற்றதென நாம் எண்ணுதல் இயல்பே. தோக்கியோவிலுள்ள ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. அக்காலத்து மேசைக் கணினி ஒன்றையும் அதன் 17 அங்குலத் திரையையும் ஆக்குவதற்கு 240 கிலோகிராம் எரிபொருளும், 22 கிலோகிராம் இரசாயனப் பொருள்களும், 1,500 கிலோகிராம் நீரும் வேண்டியிருந்தன என அது கணக்கிட்டது. மோட்டார் வண்டியை ஆக்க வேண்டும் எரிபொருள் அதன் எடையின் ஓரிரு மடங்கே. கணினிக்கோ பத்து மடங்கு. நுண்ணிய சில்லுகளை மிகத் தூய பொருள்களாற் செய்யவேண்டியிருத்தல் இதற்கு ஒரு காரணமாகும்.

ஆகவே, கேட்டின் பெரும்பகுதி கணினி நம் வாயிலை அடையுமுன்னரே நிகழ்ந்துவிடுகின்றது. அதனை நெடுங்காலம் பேணுவதே தலையாய பரிகாரம். மூன்றாண்டில் மாற்றுங் கணினியை ஆறாண்டு பயன்படுத்தினால், ஆக்கச் செலவு ஆண்டொன்றுக்குப் பாதியாகும். நினைவகத்தைப் பெருக்கியும், பழுதுற்ற உறுப்பை மாற்றியும் பல கணினிகளின் ஆயுளை நீட்டலாம்.

அடுத்தது மின்சாரம். வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள. கணினிக்கூடத்தில் 40 மணித்தியாலங்கள் பாடம் நடப்பின், எஞ்சிய 128 மணித்தியாலங்களும் கணினிகள் வீணே இயங்குதல் தகுமோ? நம் நாட்டு மின்சாரத்தின் ஒரு பகுதி நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்தே பெறப்படுகின்றது என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

மூன்றாவது கொள்வனவு. நூற்றுக்கணக்கில் வாங்கும் பல்கலைக்கழகம், குறைந்த விலையை மட்டுமன்றி, மின்சிக்கனத்தையும், திருத்துதற்கு எளிமையையும் நிபந்தனையாக்கலாம். 1992இல் அமெரிக்காவில் தோன்றிய எனர்ஜி ஸ்ரார் குறியும், 2006இல் வந்த ஈபீற் பதிவும் இத்தெரிவுக்குத் துணையாவன.

இறுதியாகக் கழிவு. 2022இல் உலகிற் சேர்ந்த மின்னியற் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன். அதில் நாலிலொரு பங்குதானும் முறையாகச் சேகரிக்கப்பட்டு மீள்சுழற்சி செய்யப்படவில்லை. எஞ்சியவற்றிலுள்ள ஈயமும் இரசமும் மண்ணையும் நீரையும் நஞ்சாக்க வல்லன.

கல்லூரிக்குக் கணினி வழங்க முன்வரும் பழைய மாணவர்க்கு ஒன்று கூறுவாம். நன்கியங்கும் பழைய கணினி நற்கொடையே. இயங்காதது குப்பையை இடம் மாற்றுவதாகும். திருத்துதற்குரிய உறுப்புகளையும், அத்தொழிலை மாணவர்க்குப் பயிற்றும் வாய்ப்பையும் உடன் அளித்தால், அக்கொடை கல்லூரிக்கும் பயன்படும், சுற்றாடலையும் காக்கும்.