ஸ்வீடன்காரன் ஏன் புத்தகத்துக்குத் திரும்பினான்?

  இப்ப எழுத வைச்சது அண்ணி பண்ணின போன். ஏதோ ஒரு பாட ஆப் விக்கிற ஆளு விருதுநகர்ல எங்க வீட்டுக்கே வந்து ரெண்டு மணி நேரம் பேசியிருக்கார். மாசத் தவணையாம், கூடவே டேப்லெட்டும் தருவாங்களாம். இப்பவே ஆரம்பிக்கலைன்னா பையன் பின்தங்கிடுவான்னு பயமுறுத்திட்டுப் போயிருக்கார். பையனுக்கு வயசு மூணரை!

"தம்பி, நீங்க ஸ்வீடன்ல இருக்கீங்க. அங்கெல்லாம் குழந்தைங்களுக்கு எல்லாமே கம்ப்யூட்டர்லதானாமே?"

அதுதான் வேடிக்கையே. போனவங்க திரும்பி வந்துட்டு இருக்காங்க அண்ணி.

2019 ஜூலையில அமலுக்கு வந்த பாடத்திட்டப்படி, இங்கே பால்வாடி வயசுப் பிள்ளைகள் படிக்கிற முன்பள்ளியிலேயே டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்தியாகணும்னு இருந்துச்சு. நாலே வருஷம். 2023-ல புது அரசு அதை மாத்தப் போறோம்னு அறிவிச்சது. பள்ளிகளுக்கு அச்சுப் புத்தகம் வாங்க அந்த வருஷம் மட்டும் 68.5 கோடி குரோனா ஒதுக்கினாங்க. நோபல் மருத்துவப் பரிசு யாருக்குன்னு முடிவு பண்ற கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆட்கள், டிஜிட்டல் கருவிகள் படிப்பை வளர்க்கிறதை விடக் கெடுக்குதுன்னு எழுத்துலயே குடுத்தாங்க. 2024 செப்டம்பர்ல பொதுச் சுகாதாரத் துறையும் கணக்குப் போட்டுச் சொல்லிருச்சு: ரெண்டு வயசுக்குள்ள திரையே வேண்டாம், ரெண்டு முதல் அஞ்சு வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம்.

இதைக் கேட்டதும் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்"னு கிளம்புற பெரிசுகளுக்கு ஒரு வார்த்தை. நாலாம் வகுப்புப் பிள்ளைகளோட வாசிப்புத் திறனை அளக்கிற பேர்ல்ஸ் தேர்வுல ஸ்வீடன் 2016-ல 555, 2021-ல 544. இறங்கியிருக்கு, உண்மை. கொரோனா மேலயும் சுலபமாப் பழி போட முடியாது, ஏன்னா இங்கே சின்னப் பிள்ளைகளோட பள்ளிகளை மூடவே இல்லை. ஆனா அந்த 11 புள்ளியும் டேப்லெட் தின்னதுதான்னு யாராலும் நிரூபிக்க முடியாது. வீட்டுல ஸ்வீடிஷ் பேசாத பிள்ளைகள் அதிகமாயிருக்காங்க, பசங்க கதைப் புத்தகம் எடுக்கிறதே குறைஞ்சு போச்சு. அரசியல்வாதிக்கு ஒரு வில்லன் வேணும், அவ்வளவுதான். அந்த 544-ம் உலக அளவுல நல்ல மார்க்குதான்.

திரை உண்மையிலேயே என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு பழைய ஆய்வுகள்தான் உதவுச்சு. ஒண்ணு 2003-ல பட்ரீஷியா கூல் அமெரிக்காவுல பண்ணினது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ற ஒன்பது மாசக் குழந்தைகளுக்குச் சீன மொழி பேசுறவங்க நேர்ல உக்காந்து 12 தடவை கதை வாசிச்சு, பொம்மை காட்டி விளையாடினாங்க. அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலிகளைப் பிரிச்சு அறிய ஆரம்பிச்சிருச்சு. அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனா டிவியில பார்த்த குழந்தைகளுக்கு ஒண்ணுமே ஏறல.

இன்னொண்ணு 2014-ல வந்தது. ரெண்டு, ரெண்டரை வயசுப் பிள்ளைகளுக்குப் புது வினைச்சொற்கள் சொல்லிக் குடுத்தாங்க. நேர்ல கத்துக்கிட்ட அளவுக்கு வீடியோ கால்லயும் கத்துக்கிட்டாங்க. பதிவு பண்ணின வீடியோவுல மட்டும் கத்துக்கல. ரெண்டுமே திரைதான். ஆனா வீடியோ கால்ல இருக்கிறவங்க குழந்தை சிரிச்சா சிரிக்கிறாங்க, திரும்பிக்கிட்டா கூப்பிடுறாங்க. பதிவு பண்ணின ஆளு குழந்தை எழுந்து போனாலும் பேசிட்டே இருப்பார் (எங்க யுனிவர்சிட்டி லெக்சர்கள்லயும் இந்த நிலைமை உண்டு :-)).

எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருக்காங்க. மகளுக்கு ஏழு வயசு. திரை கெடுதல்னு பள்ளியில வந்த கடுதாசியைக் காட்டி அவங்க சொன்னது: "தம்பி, டீச்சர் சொல்றது சரிதான். ஆனா இந்தச் சாமான் இல்லாட்டி என்ர அம்மாவை இவள் எப்பிடிப் பார்க்கிறது? அம்மம்மாவோட கதைக்கிறதுக்காகத்தான் இவள் தமிழே கதைக்கிறாள்." ஸ்வீடன்ல தாய்மொழிப் பாடம் கேட்கிற உரிமை பிள்ளைகளுக்கு உண்டு. ஆனா நகராட்சி முழுக்கத் தேடி அஞ்சு பிள்ளைகளாவது சேரணும், வாத்தியாரும் கிடைக்கணும். சின்ன ஊர்ல தமிழ் வாத்தியாருக்கு எங்கே போறது? அதனால எங்கேயோ இருக்கிற டீச்சர் கணினி வழியாப் பாடம் எடுக்கவும் சட்டம் இடம் தருது. புத்தகத்துக்குத் திரும்புற நாட்டுலயே ஒரு பிள்ளைக்கு "ழ" கிடைக்கிற வழி திரைதான்!

நம்மூர்லயும் இது நடந்திருக்கு. கொரோனா காலத்துல கல்வித் தொலைக்காட்சி பாடம் போட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. தப்பில்ல, அப்ப வேற வழியும் இல்ல. ஆனா 2021 நவம்பர்ல சின்ன வகுப்புகள் திறந்தப்ப பிள்ளைகள் ரொம்பப் பின்னால இருந்தாங்க. ஆறு மாசத்துல மூணுல ரெண்டு பங்கை மீட்டுட்டாங்க, அந்த மீட்சியில கிட்டத்தட்ட கால்வாசி "இல்லம் தேடிக் கல்வி"யால வந்ததுன்னு ஒரு பெரிய ஆய்வு சொல்லுது. அது என்ன பெரிய டெக்னாலஜி? மாசம் ஆயிரம் ரூபாய்க்கு, பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க சாயங்காலம் கொஞ்ச நேரம் பிள்ளைகளோட உக்காந்தாங்க.

அண்ணிகிட்ட நான் சொன்னது இதுதான்: அந்தத் தவணைக் காசுல படப் புத்தகம் வாங்குங்க, ராத்திரி அண்ணனைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எனக்கு வீடியோ கால் போடுங்க. அண்ணனுக்குத்தான் கோபம்.

ஆனா எனக்கே இப்ப உறுத்துற விஷயம் வேற. இதுவரைக்கும் கணக்கு சுலபம்: மனுஷன் பதில் சொல்வான், மெஷின் சொல்லாது. 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்ததும் அந்தக் கணக்கு உடைஞ்சு போச்சு. பக்கத்து நாடான எஸ்டோனியா 1996-ல "புலிப் பாய்ச்சல்"னு பேர் வைச்சுப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் குடுத்த ஊர். 2025 செப்டம்பர்ல சுமார் 20,000 மேல்நிலை மாணவர்களுக்கு ஏ.ஐ. குடுக்க ஆரம்பிச்சிருக்கு. பதினாறு வயசுக்கு அது ஒரு கருவி, சரி. ஆனா இதே சாமான் பொம்மைக்குள்ள, கதை சொல்ற டப்பாவுக்குள்ள வர்றப்ப மூணு வயசுப் பிள்ளைக்கு அது யாரு? சிரிச்சா சிரிக்கும், கூப்பிட்டா திரும்பும், தமிழும் பேசும். அலுப்பே வராது.

எங்க தாத்தாகிட்ட மூணாவது தடவை "ஏன்?"னு கேட்டா, "போடா, போய் உங்க ஆச்சியக் கேளு"ம்பார். ஆச்சி, "வெங்காயம் உரிச்சுக்கிட்டே கேளு"ம்பாங்க. அடுத்த ஆளுக்கும் அலுப்பு வரும், வேலை இருக்கும்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அங்கேதான். அலுப்பே இல்லாத ஒண்ணோட பேசி வளர்ற பிள்ளை, அலுத்துப் போய் வேலைக்கு ஓடி வர்ற அம்மாகிட்ட எவ்வளவு நேரம் பேசும்? இதுக்கு ஆய்வு பண்ணணும்னா அந்தப் பிள்ளைங்க முதல்ல வளர்ந்தாகணும். பொம்மை விக்கிறவங்க அதுவரைக்கும் காத்திருக்க மாட்டாங்க.