உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறதா?
கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிளை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்துவிட்டது. நெசவாளர் என்ன செய்வார்? தறியை உதைப்பாரா? மாட்டார். நெய்வதை நிறுத்துவார். அறுந்த இழை எது என்று பார்ப்பார். அதைப் பிணைத்துவிட்டு மறுபடி நெய்வார்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே முறைதான். ஆனால் அதை மட்டும் நாம் உதைத்துக்கொண்டே இருக்கிறோம்!

காஞ்சீபுரத்தில் இது சிறிய விஷயம் அல்ல. முகூர்த்த நாள் நெருங்குகிறது. நெய்து முடித்த கலியாணச் சேலையைக் காந்தி ரோட்டுக் கடையில் சேர்க்கவேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி கிளம்பாவிட்டால்?

நம் ஊர் வண்டி

"புல்லட்" இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-ம் ஆண்டில் அங்குள்ள ராயல் என்பீல்டு கம்பெனியும், சென்னை மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 2013-ம் ஆண்டில் காஞ்சீபுரத்துக்கு அருகே ஒரகடத்திலும் உற்பத்தி தொடங்கியது.

புது வண்டிகள் பொத்தானை அழுத்தினால் கிளம்பும். பழைய புல்லட்டுக்கோ கால்தான் கதி!

மூன்று வேண்டும்

என்ஜின் ஓட மூன்று வேண்டும். காற்றுடன் கலந்த பெட்ரோல். அதை அழுத்தும் அழுத்தம். அதைப் பற்றவைக்கும் நெருப்புப் பொறி. இவற்றில் ஒன்று குறைந்தாலும், நூறு முறை உதைத்தாலும் பயன் இல்லை.

உதைப்பதிலும் முறை உண்டு

பெட்ரோல் குழாயைத் திறங்கள். குளிர்ந்த என்ஜின் என்றால் "சோக்" போடுங்கள். சாவியைத் திருப்புங்கள். கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். ஓர் இடத்தில் கல்போல் இறுகும். அங்கே நிறுத்துங்கள். இடது கைப்பிடியில் உள்ள "டீகம்ப்ரஸர்" என்ற சிறு பிடியை இழுத்து, கிக்கரைக் கொஞ்சம் மட்டும் தாண்டவிடுங்கள். பிடியை விடுங்கள். கிக்கர் மேலே வரட்டும். பிறகு முழுமூச்சாக ஒரே மிதி!

அரைகுறையாக மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் முறியவும் கூடும். வெறுங்காலால் மிதிக்காதீர்கள்.

பிளக் சொல்லும் சேதி

பத்து மிதிக்கும் அசையவில்லையா? நிறுத்துங்கள். சாவியை அணைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

பிளக் உலர்ந்திருந்தால், பெட்ரோல் வரவில்லை. டாங்கியில் பெட்ரோல் உண்டா? மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா? கார்புரேட்டரில் தூசியா? பாருங்கள்.

பிளக் நனைந்திருந்தால், பெட்ரோல் வந்து தேங்கிவிட்டது. பெட்ரோல் குழாயை மூடுங்கள். பிளக் இல்லாமலே, ஆக்சிலேட்டரை முழுதும் திருகி ஐந்தாறு முறை மிதியுங்கள். பிளக்கைத் துடைத்து உலரவைத்து மாட்டுங்கள்.

பிளக்கில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். காற்று வடிகட்டியையும் தட்டிப் பாருங்கள்.

பொறி வருகிறதா என்று அறிய, பிளக்கை அதன் தொப்பியில் செருகுங்கள். ரப்பர்த் தொப்பியைப் பிடித்து, பிளக்கின் இரும்புப் பாகம் என்ஜினைத் தொடும்படி வையுங்கள். சாவியைத் திருப்பி, ஒருவரை மிதிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி பறந்தால் நல்லது. இல்லையேல் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். பிளக் துவாரத்துக்கு அருகே இந்தச் சோதனை கூடாது. பெட்ரோல் ஆவி தீப்பற்றும்!

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளக் தொப்பிக்குள் ஈரம் புகுந்தாலும் பொறி வராது. உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

கிக்கர் எங்குமே இறுகாமல் லொடலொட என்று இறங்குகிறதா? அழுத்தம் இல்லை. அது மெக்கானிக்கின் வேலை.

புது வண்டிக்காரர்களுக்கு

2020 ஏப்ரலில் புகை விதி கடுமையாயிற்று. அதன் பின் வந்த புல்லட்டில் கார்புரேட்டர் இல்லை. அது கிளம்பாவிட்டால் முதலில் சிவப்பு ஸ்விட்ச், பக்க ஸ்டாண்டு, பாட்டரி மூன்றையும் பாருங்கள்.

ஒரு வார்த்தை. பிளக்கைத் தொட்ட கையால் பட்டைத் தொடாதீர்கள்! ஒரு குடும்பமே பல நாள் உழைத்த சேலை, ஒரு சொட்டு எண்ணெயில் வீணாகும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகே மூட்டையை எடுங்கள்.

இத்தனைக்கும் கிளம்பாவிட்டால் மெக்கானிக்கிடம் போங்கள். "வண்டி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "பிளக் நனைந்திருக்கிறது, பொறி வரவில்லை" என்று சொல்லுங்கள். அவருக்கு நேரம் மிச்சம். உங்களுக்குப் பணம் மிச்சம்!