கப்பலில் இராவுணவும் உடை முறையும்

உண்பதற்கு வேண்டுவன பசியும் உணவும் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். அவற்றோடு தக்க உடையும் வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், பெருங்கடலிலே செல்லும் உல்லாசக் கப்பல்கள் சிலவற்றில் மாலை ஆறு மணிக்குப் பிறகு பெரிய உணவு மண்டபத்துக்குள் நுழைய வேண்டுமானால், இன்ன உடை அணிந்திருக்க வேண்டும் என்ற விதி இன்றும் உண்டு. இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது, இதில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றை மாணவ நண்பர்களாகிய உங்களுடன் சிறிது எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

விக்டோரியா அரசியின் காலத்து ஆங்கிலச் செல்வர்கள் தங்கள் மாளிகைகளில் இராவுணவுக்கு அமரும் முன் உடை மாற்றிக்கொள்வதைக் கடமையாகக் கொண்டிருந்தார்கள். பகலில் வேட்டைக்கும் சவாரிக்கும் அணிந்த உடையுடன் இரவில் மேசைக்கு வருவது மரியாதைக் குறைவு என்பது அவர்கள் எண்ணம். அவர்கள் கப்பலேறியபோது அந்த வழக்கமும் கூடவே கப்பலேறியது. நாற்புறமும் நீரைத் தவிர வேறொன்றும் தெரியாத நீண்ட பயணத்தில், ஒரு நாளைப் போலவே மறுநாளும் கழியும். அத்தகைய நாளுக்கு இராவுணவு ஒரு திருவிழாவாக அமைந்தது.

முதல் இரவிலும் கடைசி இரவிலும் மட்டும் இந்த விதி தளர்ந்திருந்தது. முதல் இரவில் பெட்டிகள் பிரிக்கப்பட்டிரா. கடைசி இரவில் அவை கட்டப்பட்டுவிடும். பெரிய பெட்டிகளில் 'பயணத்தில் வேண்டா' என்று சீட்டு ஒட்டிக் கப்பலின் அடித்தளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே, விருந்து உடையை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதைப் புறப்படும் முன்னரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அந்த உடைதான் எது? பழைய முறைப்படி, பின்புறம் வால்போல் நீண்ட கறுப்புக் கோட்டும் வெள்ளை டையும் அணிவார்கள். 1865ஆம் ஆண்டில் இலண்டன் சாவில் ரோ வீதியிலுள்ள ஹென்றி பூல் என்னும் தையல் நிறுவனம், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரான வேல்ஸ் இளவரசருக்கு வாலில்லாத குட்டைக் கோட்டு ஒன்றைத் தைத்துக் கொடுத்ததாக அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. அதன் வழியில் வந்ததே டின்னர் ஜாக்கெட். கறுப்புக் கம்பளித் துணியில் தைத்து, மார்பு மடிப்புகளில் பட்டு வைத்து, கறுப்பு 'போ' டையுடன் அதை அணிவார்கள். ஆகவே, அழைப்பிதழில் 'பிளாக் டை' என்று கண்டால், கறுப்பு டை ஒன்றை மட்டும் கழுத்தில் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. அது முழு உடையையும் குறிக்கும் சொல்.

இந்த உடையில் நம் நாட்டுப் பங்கும் ஒன்று உண்டு. டின்னர் ஜாக்கெட்டின் கீழே இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகன்ற பட்டுக் கச்சைக்குக் 'கம்மர்பண்டு' என்று பெயர். 'கமர்' என்றால் பாரசீக மொழியில் இடுப்பு; 'பந்த்' என்றால் கட்டு. இந்தியாவுக்கு வந்த ஆங்கில அதிகாரிகள் இங்குள்ளவர்களின் இடைக்கச்சையைக் கண்டு தாமும் ஏற்றுக்கொண்டார்கள். செங்கடலில் வெயில் கொளுத்தும்போது, அதிகாரிகள் கோட்டையும் டையையும் களைந்துவிட்டு, வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் இந்தக் கச்சையுமாக உணவுக்கு அமர்ந்தார்கள். அதற்குச் 'செங்கடல் உடை' என்றே பெயர் ஏற்பட்டது. மாற்றவே முடியாது என்று கருதிய விதியும் வெப்பத்தின் முன்னே வளைந்து கொடுத்தது, பாருங்கள்!

ஆனால், இந்த விதியின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். அக்காலக் கப்பல்களில் வகுப்புக்கு ஒரு தளம், வகுப்புக்கு ஓர் உணவுக்கூடம். மண்டபத்துக்குள் எல்லா ஆடவரும் ஒரே கறுப்பு வெள்ளையில் இருந்ததால், அங்கே சமத்துவம் நிலவியது உண்மைதான். எனினும், அந்த உடையைத் தைத்துக்கொள்ளப் பணமில்லாதவனுக்கும், அந்த மேசையின் பழக்கங்களை அறியாதவனுக்கும் அதே உடை ஒரு மதிலாக நின்றது. உள்ளே இருப்பவரை ஒன்றாக்கியது எதுவோ, அதுவே வெளியே நிற்பவரைப் பிரித்தது.

இதற்கு ஓர் இளைஞரின் அனுபவமே சான்று. 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்பாத ஒருவர் பம்பாயிலிருந்து 'கிளைட்' என்னும் கப்பலில் சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். நண்பர்கள் அவருக்கு மேனாட்டு உடைகள் வாங்கித் தந்திருந்தார்கள். கப்பலில் கறுப்பு உடையே அணிந்திருந்தார். ஆயினும் கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எந்த உணவில் இறைச்சி கலவாதது என்று கேட்கவும் கூச்சம். ஆகவே அவர் மேசைக்கே செல்லாமல், கொண்டு வந்திருந்த இனிப்புகளையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டார். கரையிறங்கும் நாளுக்கென்று வெள்ளை பிளானல் உடையைக் காத்து வைத்திருந்தார். செப்டம்பர் இறுதியில் அதை அணிந்து இறங்கியபோது, அத்தகைய உடையில் அங்கே தாம் ஒருவரே நிற்பதைக் கண்டார். அந்த இளைஞர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. 'சத்திய சோதனை'யில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1931 ஆகஸ்டு 29ஆம் நாள், அதே பம்பாயிலிருந்து 'ராஜபுதானா' என்னும் கப்பலில் வட்டமேசை மாநாட்டுக்கு அவர் புறப்பட்டார். இப்போது அவர் உடுத்தியிருந்தது, 1921இல் மதுரையில் மேற்கொண்ட அரையாடை. அந்த ஆடையுடனேயே அவர் பக்கிங்காம் அரண்மனைக்கும் சென்று மன்னரைக் கண்டார். முன்பு கறுப்புக் கோட்டு அணிந்திருந்தும் மேசைக்குச் செல்லத் தயங்கியவர், பின்பு கோட்டே இல்லாமல் அரண்மனைக்குத் தயங்காமல் சென்றார். துணி மாறியதனால் மட்டும் வந்த துணிவு அன்று அது. தாம் யார், யாருக்காகச் செல்கிறோம் என்ற தெளிவினால் வந்தது.

1958இல் அட்லாண்டிக் கடலின் மேலே ஜெட் விமானங்கள் பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கின. ஊர் போய்ச் சேர வேண்டியவர்கள் விமானத்துக்கு மாறினார்கள். கப்பல்கள் பெரும்பாலும் உல்லாசப் பயணத்துக்கு உரியவையாயின. விதிகளும் நெகிழ்ந்தன. 2004இல் ஓடத் தொடங்கிய 'குயீன் மேரி 2' சௌதாம்ப்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே செல்லும்போது, சில இரவுகளில் விருந்து உடை வழக்கம் இன்றும் தொடர்கிறது. வேறு சில நிறுவனங்களோ தூய்மையான எந்த உடையும் போதும் என்கின்றன. மாலைக்குரிய உடை எது என்பதை அன்றன்று அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலிலேயே அறிந்துகொள்ளலாம். பொதுவாக, விருந்து உடைக்குரிய இரவை, கப்பல் துறைமுகத்தில் நில்லாமல் கடலில் செல்லும் நாளிலேயே வைப்பார்கள். ஊர் சுற்றிக் களைத்து வருபவரை உடை மாற்றச் சொல்வது நியாயமாகாது அல்லவா? உடை மாற்ற விரும்பாதவர்களுக்கென்று, தாமே எடுத்து உண்ணும் வேறொரு கூடமும் பெரும்பாலான கப்பல்களில் இருக்கும்.

உணவக நிருவாகம் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "ஐயா, அந்த விருந்துக்கு நம் வேட்டியுடன் போகலாமா?" நல்ல கேள்வி. 2014ஆம் ஆண்டில் சென்னையில் வேட்டி அணிந்து வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவருக்கு ஒரு மன்றத்தில் நுழைவு மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழக சட்டமன்றம் அத்தகைய தடையை நீக்கச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் நடுக்கடலுக்குச் செல்லாது. அங்கே கப்பல் நிறுவனத்தின் விதியே விதி. ஆனால், அவரவர் நாட்டுக்குரிய விழா உடையை டின்னர் ஜாக்கெட்டுக்கு நிகராக ஏற்கும் நிறுவனங்கள் பல உள்ளன. பட்டுப் புடவையும், கழுத்து மூடிய நீண்ட கோட்டும், கரை போட்ட வேட்டியும் அவ்வகையைச் சேர்ந்தவை. பயணச் சீட்டு வாங்கும்போதே நிறுவனத்தின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம் என்று அவரிடம் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். தீ விபத்துக்கு அஞ்சிப் பெரும்பாலான கப்பல்களில் பயணிகள் தம் அறையில் துணி தேய்க்கும் பெட்டியைப் பயன்படுத்த விடுவதில்லை. நடுக்கடலில் தீப்பிடித்தால் ஓடி ஒதுங்க இடமில்லை. ஆகவே எளிதில் கசங்காத துணியே ஏற்றது. தளம் ஆடுமாதலால் உயர்ந்த குதிகால் செருப்பும் உதவாது. குளிரூட்டிய மண்டபமாதலால் தோளுக்கு ஒரு சால்வை வேண்டும்.

மேசையில் உடன் அமர்வோருக்கு மதிப்பளிக்கும் பொருட்டு நாம் திருத்தமாக உடுத்துவது பண்பாடு. அது கொள்ளத்தக்கது. பிறரை மேசைக்கு வரவிடாமல் தடுக்கும் பொருட்டு உடையை அளவுகோலாக்குவது செருக்கு. அது தள்ளத்தக்கது. நாளை உங்களில் சிலர் அத்தகைய மண்டபங்களில் விருந்தினராக அமரலாம். சிலர் அங்கே பரிமாறும் பணியில் இருக்கலாம். சிலர் விதிகளை வகுக்கும் பொறுப்பிலேயே இருக்கலாம். எவ்விடத்தில் இருந்தாலும், கூச்சத்தினால் அறைக்குள்ளேயே பழம் தின்று பசியாறும் இளைஞன் ஒருவன் அந்தக் கப்பலில் இருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். அவனை அழைத்து வந்து உடன் அமர்த்துங்கள்.