பழைய அம்பாசிடரில் டோர் பேட், கைப்பிடி காணோமா? மறுபடி பொருத்துவது எப்படி? முழு விவரம்

தாத்தா வாங்கிய அம்பாசிடர். சாவியைத் திருப்பினால் இன்னைக்கும் ஸ்டார்ட் ஆகும். ஆனால் கதவைத் திறந்தால் உள்பக்கம் வெறும் தகரம். டேஷ்போர்டில் ரெண்டு குமிழ் இல்லை. கண்ணாடி ஏற்றும் கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கு.

தென்காசி மாவட்டம் சிவகிரி, சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் இப்படி ஒரு காரை வீட்டில் வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி: "இதையெல்லாம் இனி எங்கே தேடுறது? பேசாம எடைக்குப் போட்டுடலாமா?"

அவசரப்பட வேண்டாம். காணாமல் போன பாகங்களில் பலவற்றை உள்ளூரிலேயே செய்ய முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கு.

ஏன் கிடைப்பதில்லை?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014 மே மாதம் நின்றது. என்ஜின் பாகம் தேய்ந்தால் வண்டி ஓடாது. அதனால் அதற்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். குமிழ் உடைந்தாலோ வண்டி ஓடும். அதனால் அதைக் கடைகளில் ஸ்டாக் வைப்பது குறைவு.

டோர் பேட் கெட்டுப்போக மழையும் ஒரு காரணம். ரெக்சினுக்குப் பின்னால் இருப்பது ஹார்டுபோர்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் பட்டு அது ஊறி, உப்பி, கிளிப்பை விட்டுக் கழன்றுவிடும்.

முதலில் என்ன செய்யணும்?

உங்கள் வண்டி எந்த மாடல் என்று உறுதி செய்யணும். 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4, 1990-ல் நோவா, 1992-ல் இசுஸு என்ஜினுடன் 1800 ஐ.எஸ்.இசட். என்று அம்பாசிடர் மாறிக்கொண்டே வந்தது. வெளித்தோற்றம் ஒன்றுபோல இருந்தாலும் டேஷ்போர்டு, சீட் எல்லாம் ஒன்றல்ல. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தயாரிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கதவையும் மொபைலில் படம் எடுத்து, கிளிப் துளைகளை எண்ணி, இல்லாத பாகங்களைப் பட்டியல் போடுங்கள்.

அந்த நிபந்தனை இதுதான்: உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீங்க. "எல்லாத்தையும் கழிச்சுட்டு புதுசா அடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னாலும், பழைய துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வாங்கி வந்துடுங்க. அளவு எடுக்க அதுதான் மாதிரி.

எங்கே கிடைக்கும்?

சென்னை புதுப்பேட்டை, பழைய வாகன பாகங்களுக்குப் பேர் போன இடம். போகும்போது படமும் உடைந்த துண்டும் கையில் இருக்கணும். இடது, வலது மாறாமல் பாருங்கள். திருகு துளை ஓரத்தில் விரிசல் இருந்தால் வாங்காதீங்க. பில் கேட்டு வாங்குவது நல்லது. நாளைக்குத் திருட்டுப் பொருள் என்று பிரச்சினை வந்தால் அதுதான் கை கொடுக்கும்.

கிடைக்கவே இல்லை என்றால்?

டோர் பேட்: பழைய பலகையை வைத்து புதிய ஹார்டுபோர்டில் கோடு போட்டு வெட்டலாம். ஒரு பக்கம் முழுசாகவே காணோம் என்றால், எதிர்ப்பக்கக் கதவின் பலகையைத் திருப்பிப் போட்டு அளவெடுக்கலாம். ரெக்சின் ஒட்டும் முன் பின்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் வார்னிஷ் அடிக்கணும். வழக்கமான சீட் கவர் கடையிலேயே இந்த வேலையைச் செய்து தருவார்கள்.

குமிழ், கைப்பிடி மூடி: ஒன்று மீதம் இருந்தாலும் போதும், அதைப் பார்த்து 3டி பிரிண்டிங்கில் எடுக்கலாம். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். அது சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டைத் தாண்டலாம். சுமார் 100 டிகிரி வரை தாங்கும் ஏ.பி.எஸ். கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

* டேஷ்போர்டில் கை வைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றணும்.
* கதவின் அடிப்பக்கத் தண்ணீர்த் துளைகளில் அடைப்பை எடுக்கணும். டோர் பேட்டுக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டணும். இல்லையென்றால் அடுத்த மழைக்கே புதுப் பலகையும் உப்பிவிடும்.
* பழைய திருகை விட நீளமானது போடக்கூடாது. கண்ணாடியிலோ வயரிலோ குத்திவிடும்.
* ரூஃப் லைனிங் வேலை இருந்தால் அதை முதலில் முடிக்கணும். கதவு வேலை கடைசியில்தான்.

விதி என்ன சொல்கிறது?

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைத் தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு தர மத்திய அரசு 2021 ஜூலையில் விதி கொண்டுவந்தது. சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் ஓட்ட நினைப்பவர்களுக்கு இது சரிவராது. அவர்கள் வழக்கம்போல எஃப்.சி. எடுத்து ஆர்.சி.யைப் புதுப்பித்தால் போதும்.

எடைக்குப் போட்டால் கிடைப்பது இரும்பு விலைதான். அதை முடிவு செய்யும் முன், ஷெட்டு மூலையில் கிடக்கும் அந்தப் பழைய சாக்கை ஒரு தடவை அவிழ்த்துப் பாருங்கள். நீங்கள் தேடும் குமிழுக்கான மாதிரி அதிலேயே கிடக்கலாம்.