குடிநீரும் குளோரினும்



“தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தானே இருந்தது! பிள்ளைக்கு எப்படி வயிற்றுப்போக்கு வந்தது?” என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால், தெளிவு வேறு, தூய்மை வேறு. காலரா, டைபாய்டு போன்ற நோய்களைப் பரப்பும் கிருமிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

குழாய்த் தண்ணீர் வரும் வீடுகளுக்குக் கவலை குறைவு. கிணற்றையோ மலை ஓடையையோ நம்பியிருக்கும் தோட்டத்துக் குடும்பங்கள்தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு கிளந்தானிலும், 2021-இல் சிலாங்கூர், பகாங் மாநிலங்களிலும் பெருவெள்ளம் வந்ததை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வந்தால் கழிவுக் குழியின் நீரும் கிணற்று நீரும் ஒன்றாகிவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைப்பதே முதல் வழி. நன்றாகக் கொப்பளித்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். அடுப்பெரிக்க வழியில்லாத நேரத்தில் கைகொடுப்பது குளோரின். அமெரிக்காவின் ஜெர்சி நகரில் 1908-ஆம் ஆண்டிலேயே குடிநீரில் தொடர்ந்து குளோரின் கலக்கத் தொடங்கிவிட்டார்கள். நமது குழாய்த் தண்ணீரில் லேசாக வீசும் வாடையும் அதுதான்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது? வெள்ளைத் துணி வெளுக்கும் பிளீச் திரவமே போதும். ஆனால் அதில் வாசனை, நிறம், சவர்க்காரம் எதுவும் கலந்திருக்கக் கூடாது. சோடியம் ஹைப்போகுளோரைட் 5 முதல் 9 சதவிகிதம் என்று புட்டியில் எழுதியிருக்க வேண்டும். நாளான பிளீச்சுக்கு வேகம் குறைந்துவிடும். ஆகவே தேதியையும் பாருங்கள். நீச்சல் குளத்திற்குப் போடும் குளோரின் வில்லைகள் குடிநீருக்கு ஆகா. வெயிலில் குளோரின் வீணாகாதிருக்க, அவற்றில் பலவற்றில் வேறொரு மருந்தும் சேர்க்கப்படுகிறது.

இனி, செய்முறையைக் கவனியுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் தெளிய வைத்து, மேல்நீரை மட்டும் மொண்டு, சுத்தமான துணியை நான்காக மடித்து வடிகட்டுங்கள். சேறு இருந்தால் குளோரின் அதனோடு போராடியே தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இராது. பிறகு, ஒரு லிட்டர் தெளிந்த நீருக்கு 2 சொட்டு விடுங்கள். 20 லிட்டர் வாளிக்கு 40 சொட்டு. வடிகட்டியும் கலங்கல் போகவில்லையென்றால் அளவை இரட்டிப்பாக்குங்கள். சொட்டுக் குழாய் கொண்டு அளப்பது நல்லது, கண்ணளவு வேண்டாம். நன்றாகக் கலக்கி மூடி, அரை மணி நேரம் காத்திருங்கள். அவசரப்பட்டுக் குடித்தால் பயனில்லை. லேசான குளோரின் வாடை வந்தால் தண்ணீர் தயார். வராவிட்டால், அதே அளவு மறுபடியும் விட்டு, இன்னும் கால் மணி நேரம் பொறுங்கள்.

குளோரினுக்கு அடங்காத கிருமிகளும் சில உண்டு. ஆகையால் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க, முடிந்தவரை கொதித்த நீரையே பயன்படுத்துங்கள்.

நேயர்களே, மிக முக்கியமான ஒன்று. குளோரின் கிருமியைக் கொல்லும், நஞ்சை முறிக்காது. களைக்கொல்லி, பூச்சிமருந்து வந்த தோம்புகளைக் கழுவிவிட்டோமே என்று குடிநீர் பிடித்து வைக்காதீர்கள். எத்தனை சொட்டு பிளீச் விட்டாலும் அந்தத் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாகாது.

பிளீச்சைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ புளிக்காடியோடோ ஒருபோதும் சேர்க்காதீர்கள்; நச்சுப் புகை கிளம்பும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பதும் ஆபத்து. தண்ணீர் என்று நினைத்துப் பிள்ளைகள் குடித்துவிடக்கூடும். வாங்கிய புட்டியிலேயே, வெயில் படாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தெளிந்த நீர், சரியான அளவு, அரை மணி நேரப் பொறுமை. இந்த மூன்றையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். மழைக்காலத்தில் மருத்துவமனைக்கு அலையும் பாடு குறையும்.