பட்ஜி மறைக்கும் நோய்

மும்பையின் கிராஃபோர்டு சந்தையில் கூண்டு கூண்டாக விற்கப்படும் சிறு கிளிகளை மக்கள் ‘லவ் பேர்ட்ஸ்’ என அழைக்கின்றனர். அப்பெயர் பொருந்தாது. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கப் பறவைகள். இவையோ ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களைத் தாயகமாகக் கொண்ட பட்ஜிகள். 1840 ஆம் ஆண்டில் ஜான் கூல்ட் என்னும் பறவையியல் அறிஞர் அவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பட்ஜி அயல்நாட்டுப் பறவையாதலால் அதற்கு இத்தடை இல்லை.

தாயகத்தில் பட்ஜிகள் பெருங்கூட்டமாகப் பறந்து திரிகின்றன. கூட்டத்தில் சோர்ந்து பின்தங்கும் பறவை, வேட்டைப் பறவைக்கு எளிதில் இரையாகிவிடும். ஆதலால் நோயுற்ற பட்ஜி, நலமாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். தானியத்தைக் கொத்தும், உமியை உரிக்கும், ஆனால் விழுங்காது. அதன் மெலிவையும் இறகுகள் மறைத்துவிடும். நோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே வாரந்தோறும் அதனைச் சிறு தராசில் நிறுத்து, எடையைக் குறித்து வைப்பது நல்லது. பட்ஜியின் எடை ஏறத்தாழ 30 முதல் 40 கிராம் வரையே. அதில் மூன்று நான்கு கிராம் குறைவதும் பெரிய இழப்பாகும்.

கவனித்தால் வேறு அறிகுறிகளும் புலப்படும். நலமான பட்ஜி பெரும்பாலும் ஒரு காலை மடக்கி உறங்கும். நோயுற்றதோ இறகுகளை உப்பவைத்து, இரு கால்களையும் ஊன்றிப் பகலிலும் தூங்கி வழியும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் அசைந்தால் மூச்சுத்திணறல் உள்ளது எனக் கொள்ளலாம். அலகைச் சுற்றித் தேன்கூடு போன்ற வெண்பொருக்கு படர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் வேலை. பறவை கூண்டின் தரையில் ஒடுங்கி அமர்ந்துவிட்டால் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது.

தாராவியின் ஓரறை வீடுகளில் அடுப்பும் கூண்டும் ஒரே இடத்தில் இருக்க நேரும். பறவையின் உடலில் காற்றுப்பைகள் உள்ளமையால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளியிடும்போதும் அதன் நுரையீரலில் புதுக்காற்று பாயும். நச்சுக்காற்றும் அவ்வாறே விரைந்து சேரும். பிரிட்டன் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவைக் கண்டறியக் கேனரிப் பறவைகளை வைத்திருந்ததும் இதனால்தான். அவ்வழக்கம் 1986 வரை நீடித்தது. நான்-ஸ்டிக் தோசைக்கல் வெறுமனே மிகுதியாகக் காய்ந்தால் எழும் வாயு, பட்ஜியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கூண்டைச் சன்னலோரம் மாற்றுவது நன்று. கொசுவர்த்திச் சுருளும் அதனருகே வேண்டா.

உணவில் ஓர் ஏமாற்று உண்டு. பட்ஜி உமியைக் கிண்ணத்திலேயே உதிர்ப்பதால், கிண்ணம் நிறைந்திருக்கும்போதே அது பட்டினி கிடக்கலாம். நாள்தோறும் உமியை ஊதி அகற்ற வேண்டும். தினை, கம்பு மட்டும் போதா. கொத்தமல்லி, முருங்கைக்கீரை, கேரட் ஆகியனவும் தேவை. அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு. மும்பையின் மழைக்காலத்தில் தானியம் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும்; சிறிது சிறிதாக வாங்கி இறுக மூடி வைக்க வேண்டும். உலர்ந்த எச்சத்தின் தூசியால் மனிதருக்கும் காய்ச்சல் தொற்றக்கூடும். ஆகவே கூண்டை ஈரத்துணியால் துடைத்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

மாட்டுங்காவிலிருந்து சிறிது தொலைவிலேயே, பரேலில், பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை உள்ளது. அங்கேயோ வேறு பறவை மருத்துவரிடமோ செல்லும்வரை மனிதர் உண்ணும் மாத்திரை எதையும் பட்ஜிக்குக் கொடுத்தல் ஆகாது. கூண்டின் மூன்று புறங்களைத் துணியால் மூடிக் கதகதப்பாக வைத்தல் போதும். எச்சம் படிந்த அடித்தாளையும் மடித்து எடுத்துச் சென்றால், மருத்துவர் நோயைக் கண்டறிய அது உதவும்.