மடியும் நியூட்டன் விதியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

புறவிசை செயல்படாதவரை, ஓடும் பொருள் நேர்க்கோட்டில் சீரான வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நியூட்டனின் இம்முதல் விதியைப் பள்ளி நாள்தொட்டு மனப்பாடம் செய்து வருகிறோம். இரண்டு மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் காரில் தாயின் மடியில் அமர்ந்து செல்லும் குழந்தையும் அவ்விதிக்குக் கட்டுப்பட்டதே என்பதை நான் கண்ட எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். அவ்வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதி, முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நிற்கிறது என்று கொள்வோம். நிற்க ஆகும் நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எதிர்முடுக்கமோ புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 16 மடங்கு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையைக் காரோடு சேர்த்து நிறுத்த வேண்டுமானால், 160 கிலோ பாரத்தைத் தாங்கும் விசை வேண்டும். இரண்டு அரிசி மூட்டைகள்! இதுவும் சராசரிதான், உச்ச விசை இதனினும் அதிகம்.

சென்ற ஆண்டு அக்காள் மகனுக்குக் காது குத்த, வாடகைக் காரில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டபோது, வெளிநாடுகளில் குழந்தைகளுக்கென்று தனி இருக்கை உண்டு என்று வீட்டில் சொன்னேன். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத என் அம்மா, “பெத்து வளர்த்த கையை விடவா ஒரு நாற்காலி கெட்டியாப் பிடிச்சுக்கும்?” என்று கேட்டார். களத்துமேட்டில் மூட்டை தூக்கிய கை அது. கேள்வியில் நியாயம் இருந்தது. மேற்படி கணக்கைச் சொன்னேன். “கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ரெண்டு மூட்டையா? ஒண்ணே நின்னு நிதானிச்சுத்தான் தூக்கணும்” என்றார். மூட்டையின் பாரம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அம்மாவின் நம்பிக்கை ஒரு சட்டமன்றத்துக்கும் இருந்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரின் விடாமுயற்சியால், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காரில் தனி இருக்கையில் வைக்க வேண்டும் என்ற சட்டம் 1978 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாட்டில் இத்தகைய முதல் சட்டம் அதுவே. ஆனால் உறுப்பினர்கள் அதில் ஒரு விலக்கைச் சேர்த்துவிட்டனர்: பெரியவர் கையில் வைத்திருந்தால் இருக்கை வேண்டாமாம்! விவரம் அறிந்தோர் இதைக் ‘குழந்தையை நசுக்கும் திருத்தம்’ என்றே அழைத்தனர். மோதலின்போது பட்டை அணியாத தாயும் முன்னோக்கிப் பாய, அவர் உடல் முழுவதும் குழந்தையின்மேல் அல்லவா அழுத்தும்? இருவரையும் ஒரே பட்டைக்குள் சேர்த்துக் கட்டினாலும் அதே கதிதான். 1981-இல்தான் அவ்விலக்கு நீக்கப்பட்டது. சட்டம் இயற்றுவோருக்கே மூன்று ஆண்டுகள் பிடித்தன; என் அம்மாவைக் குறைகூற எனக்கு வாய் வரவில்லை.

தனி இருக்கை என்ன செய்கிறது? பிறந்த குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. கழுத்தெலும்புகளோ இன்னும் முற்றாதவை. முன்னோக்கி அமர்ந்தால், பட்டை உடலைப் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் பாயும். 1960-களில் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்டில் ஆல்ட்மன், ஜெமினி விண்வெளி வீரர்கள் முதுகு முழுவதும் தாங்கப்படும்படி சாய்ந்திருப்பதைக் கண்டு, பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை வடிவமைத்தார். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகத் தாங்கப்படுவதால் விசை பரவிவிடுகிறது. இவ்விருக்கையை, காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் வைத்தலாகாது. சட்டென விரியும் பையே குழந்தையின் தலையைத் தாக்கும். குழந்தை வளர்ந்தபின் முன்னோக்கும் இருக்கை. அதன்பின் உயரம் கூட்டும் இருக்கை. சுமார் நான்கே முக்கால் அடி வளரும்வரை பெரியவர்களுக்கான பட்டை கழுத்திலும் வயிற்றிலும் அல்லவா படிகிறது!

நம் நாட்டிலும் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் காரில் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிச் சென்றால், ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. சட்டம் சரிதான். ஆனால் ஆண்டுக்கு இருமுறை வாடகைக் கார் பிடிக்கும் கூலிக் குடும்பம், சில ஆயிரம் கொடுத்து இருக்கை வாங்குமா? வாடகைக்கு விடுவோரே அதையும் சேர்த்துத் தரலாம் என்பது என் கருத்து. அதுவரை, ஓட்டுநரிடம் மெதுவாகப் போகச் சொல்லலாம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்ததாகையால், 80 கி.மீ. வேகத்தை 50 ஆகக் குறைத்தாலே அது பாதிக்கும் கீழே போய்விடும். கைக்குழந்தை இருந்தால் பேருந்தையும் எண்ணிப் பார்க்கலாம். பத்து டன் பேருந்தும் ஒரு டன் காரும் மோதிக்கொண்டால், காரின் வேகம் மாறுவதில் பத்தில் ஒரு பங்கே பேருந்தின் வேகம் மாறும். இது உந்த அழிவின்மை விதி. முதல் பருவத்திலேயே படித்துவிட்டோம்.